மருந்தக பில்லில் பிழையா? கவுன்டருக்கு அந்தப் பக்கம் இருந்தவளின் பதில்கள்

சிங்கப்பூரில் உட்லண்ட்ஸ் பக்கம் ஒரு தனியார் மருந்தகத்தின், அதாவது கிளினிக்கின், கவுன்டரில் பதினோரு ஆண்டுகள் இருந்தேன். சாஸ் என்ற அரசாங்க மருத்துவ மானியத்துக்குக் கோரிக்கை அனுப்பியது, மத்திய சேமநிதியில் மருத்துவத்துக்கென இருக்கும் மெடிசேவ் சேமிப்பிலிருந்து எடுக்கும் படிவத்தில் கையெழுத்து வாங்கியது, மருந்துப் பையில் ஒட்டும் சீட்டை அச்சடித்தது எல்லாம் நான்தான். தவறான பில் போட்டதும் நான்தான், அதுவும் ஒரு முறை இரு முறை அல்ல. வேலையை விட்ட பிறகு புளோக்கின் கீழ்த்தளத்திலும் தேக்கா சந்தையிலும் என்னை நிறுத்தி, கையில் ஒரு சீட்டை நீட்டி, “அக்கா, இது சரியா பாருங்கள்” என்பவர்கள் கூடிவிட்டார்கள். அவர்கள் கேட்டவையும் நான் சொன்னவையும் இங்கே.

பில் தொகை மிக அதிகம். அப்படியென்றால் அது தவறான பில்தானே?

அப்படிச் சொல்லிவிட முடியாது. அதிக விலை வேறு, தவறான பில் வேறு. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு கவுன்டருக்குப் போகிறவர்கள்தான் வெறுங்கையோடு திரும்புகிறார்கள்.

தனியார் மருத்துவர் தம் பார்வைக் கட்டணத்தைத் தாமே முடிவு செய்யலாம். முன்பு சிங்கப்பூர் மருத்துவச் சங்கம் ஒரு கட்டண வழிகாட்டி வைத்திருந்தது. போட்டிச் சட்டத்துக்கு முரணாகலாம் என்பதால் 2007இல் அதை மீட்டுக்கொண்டது. 2018 நவம்பரில் சுகாதார அமைச்சு கட்டண அளவுகோல்களை வெளியிடத் தொடங்கியது. ஆனால் அவை முதலில் வந்தது தனியார் அறுவை சிகிச்சைகளுக்கு. காய்ச்சல், இருமலுக்குப் பக்கத்துப் புளோக் டாக்டர் 30 வெள்ளி (டாலர்) வாங்கினாலும் 60 வெள்ளி வாங்கினாலும் அந்த எண்ணை வைத்து மட்டும் வாதாட முடியாது. முன்கூட்டியே கட்டணத்தைக் கேட்டிருக்கலாம், அடுத்த முறை வேறு மருந்தகம் போகலாம், அவ்வளவுதான்.

தவறான பில் என்பது செய்யாததற்குப் பணம், கொடுக்காததற்குப் பணம், சொன்னதைவிட அதிகப் பணம், கழிக்க வேண்டியதைக் கழிக்காதது. இந்த நான்கில் ஒன்று இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

எதைக் கேட்டு வாங்க வேண்டும்?

வரி வரியாகப் பிரித்த பில். கார்டு இயந்திரம் துப்பும் சிறிய சீட்டு பில் ஆகாது. “பார்வையும் மருந்தும் – 94 வெள்ளி” என்று ஒரே வரியில் எழுதிக் கொடுத்தால் அதில் பிழை கண்டுபிடிக்க யாராலும் முடியாது, என்னாலும் முடியாது. பார்வைக் கட்டணம், ஒவ்வொரு மருந்தின் பெயர், எண்ணிக்கை, விலை, பரிசோதனைகள், ஊசி அல்லது காயக்கட்டு, கழித்த மானியம், பொருள் சேவை வரி ஆகியவை தனித்தனியாக இருக்க வேண்டும். கேட்பதற்குக் கூச்சம் வேண்டாம். கவுன்டரில் இருப்பவருக்கு அது ஒரு பட்டனை அழுத்தும் வேலை.

கூடவே மருந்துப் பைகளைத் தூக்கி எறியாதீர்கள். பையில் ஒட்டிய சீட்டில் உங்கள் பெயர், தேதி, மருந்து, எத்தனை வேளை என்பதெல்லாம் இருக்கும். பில்லுக்கு எதிராக உங்கள் கையில் இருக்கும் ஒரே சாட்சி பெரும்பாலும் அந்தப் பைதான்.

எப்படிப்பட்ட தவறுகள் நடக்கின்றன? வேண்டுமென்றே செய்கிறார்களா?

என் அனுபவத்தில் பத்தில் எட்டு ஒன்பது, விரல் செய்கிற தவறு. மனம் செய்கிற தவறு குறைவு. அந்தக் குறைவான பங்கைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

முதல் குற்றவாளி, கணினியில் “முந்தைய வருகையை அப்படியே எடு” என்று ஒரு வசதி. நீரிழிவு, ரத்த அழுத்தத்துக்கு மூன்று மாதத்துக்கு ஒரு முறை வருகிறவர்களுக்கு எல்லா மருந்தையும் மறுபடி தட்டச்சு செய்ய யாருக்கு நேரம் இருக்கிறது? பழையதை இறக்கி, மாறியதை மட்டும் திருத்துவோம். டாக்டர் அளவைக் குறைத்திருப்பார், பில்லில் பழைய எண்ணிக்கை நிற்கும்.

இரண்டாவது, நம்முடைய பெயர்கள். நம்மில் பலருக்குக் குடும்பப் பெயர் கிடையாது, அப்பா பெயரின் முதலெழுத்துதான். ஒரே காலையில் இரண்டு லட்சுமி வந்தால், ஒருவருடைய ரத்தப் பரிசோதனை இன்னொருவர் பில்லில் ஏறுவது ஆச்சரியமே இல்லை. பில் கையில் வந்ததும் தொகையைப் பார்ப்பதற்கு முன்னால் அடையாள அட்டை எண்ணின் கடைசி எழுத்துகளைப் பாருங்கள்.

மூன்றாவது, “வீட்டில் பாரசிட்டமோல் இருக்கிறது, வேண்டாம்” என்று நீங்கள் கவுன்டரில் சொன்னது. பையிலிருந்து எடுத்துவிடுவோம், கணினியிலிருந்து எடுக்க மறந்துவிடுவோம்.

பிறகு விடுமுறை நாள் கூடுதல் கட்டணம். இரவிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் பொது விடுமுறையிலும் பல மருந்தகங்கள் கூடுதலாக வாங்குகின்றன. சுவரில் எழுதி ஒட்டியிருந்தால் அதில் தவறில்லை. 2023இல் தீபாவளி ஞாயிற்றுக்கிழமை வந்தது, அதனால் திங்களும் விடுமுறை. எங்கள் மருந்தகத்தில் செவ்வாய்க்கிழமை காலை வந்த முதல் ஆறு பேருக்கும் விடுமுறைக் கட்டணம் விழுந்தது. அமைப்பைத் திரும்ப மாற்ற வேண்டியவர் முறுக்கு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ஆம், நான்தான்.

பொருள் சேவை வரியையும் ஒரு முறை பாருங்கள். 2024 ஜனவரியிலிருந்து அது 9 விழுக்காடு. ஆனால் எல்லா மருந்தகமும் இந்த வரியை வாங்க முடியாது. ஆண்டு வருமானம் பத்து லட்சம் வெள்ளியைத் தாண்டினால்தான் பதிவு கட்டாயம். பதிவு செய்யாதவர் வரி வசூலிக்கக் கூடாது. பில்லில் பதிவெண் இருக்கிறதா என்று பாருங்கள். உள்நாட்டு வருவாய் ஆணையத்தின் இணையத்தளத்தில் பெயரைப் போட்டும் தேடலாம்.

சாஸ் அட்டை இருக்கிறது. ஆனாலும் பணம் கட்டச் சொன்னார்கள். இது தவறா?

சாஸ் அட்டை இலவச அட்டை அல்ல. வீட்டு வருமானத்தைப் பொறுத்து அதன் நிறம் மாறும். மருந்தகம் தன் வழக்கமான கட்டணத்தைப் போடும், அதிலிருந்து மானியம் கழியும், மிச்சத்தை நீங்கள் கட்டுவீர்கள். சளி, காய்ச்சல் போன்ற சாதாரண நோய்க்கு நீல அட்டைக்கு ஒரு வருகைக்கு அதிகபட்சம் 18 வெள்ளி 50 காசு, ஆரஞ்சு அட்டைக்கு 10 வெள்ளி. பச்சை அட்டைக்குச் சாதாரண நோய்க்கு மானியம் இல்லை. அது முக்கியமாக நாட்பட்ட நோய்களுக்குத்தான். “என்னிடமும் சாஸ் இருக்கிறது, அவருக்குக் கழித்தார்கள், எனக்குக் கழிக்கவில்லை” என்று வருகிறவர்களில் பாதிப் பேர் பச்சை அட்டைக்காரர்கள்.

நாட்பட்ட நோயில் இன்னொரு சிக்கல் உண்டு. ஒரே நோய் என்றால் ‘எளிய’ வகை. இரண்டு நோய், அல்லது ஒரே நோயோடு பின்விளைவுகள் என்றால் ‘சிக்கலான’ வகை. நீல அட்டைக்கு முதல் வகையில் ஆண்டு வரம்பு 320 வெள்ளி, இரண்டாவதில் 500 வெள்ளி. நீரிழிவும் கொழுப்பும் இரண்டும் இருக்கிற உங்கள் தாயாருக்கு ‘எளிய’ என்று தட்டிவிட்டால் அவர் கையிலிருந்து கூடுதலாகப் போகும். நேர்மாறாகவும் நடக்கும்: இல்லாத நோயைச் சேர்த்து அரசாங்கத்திடம் கூடுதலாக வாங்குவது. உங்கள் பையிலிருந்து அன்று எதுவும் போகாது என்பதால் உங்களுக்குத் தெரியவே தெரியாது. நவம்பரில் ஆண்டு வரம்பு தீர்ந்துவிட்டது என்று சொல்லும்போதுதான் திகைப்பீர்கள். நான் மேலே சொன்ன ‘மனம் செய்கிற தவறு’ இதுதான். தவறான கோரிக்கைகளுக்காகச் சில மருந்தகங்களைச் சுகாதார அமைச்சு சாஸ் திட்டத்திலிருந்து இடைநீக்கம் செய்திருக்கிறது. அரசாங்க இணையச் சேவைகளில் நுழையும் சிங்பாஸ் கணக்கு வழியாக சாஸ் இணையத்தளத்தில் உங்கள் மானிய இருப்பைப் பார்க்கலாம். பெற்றோருக்காக ஆறு மாதத்துக்கு ஒரு முறை பிள்ளைகள் பார்த்துக் கொடுங்கள்.

மெடிசேவில் தவறாக எடுத்துவிட்டார்கள். பணம் திரும்ப வருமா?

வரும், ஆனால் கையில் வராது, மெடிசேவ் கணக்குக்குத்தான் போகும். மருந்தகம் தன் கோரிக்கையைத் திருத்தி அனுப்ப வேண்டும். மத்திய சேமநிதிக் கணக்கில் சிங்பாஸ் வழியாக நுழைந்தால் எந்தத் தேதியில், எவ்வளவு எடுத்தார்கள் என்பது தெரியும். அந்தப் பக்கத்தையும் பில்லையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். வெற்றுப் படிவத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். “அடுத்த தடவைக்கும் சேர்த்துப் போட்டுவிடுங்கள் ஆன்ட்டி, வசதியாக இருக்கும்” என்று யாராவது சொன்னால் பேனாவை மேசையில் வையுங்கள். மகனின் மெடிசேவிலிருந்து தாய்க்குச் செலவழிக்கும் வீடுகளில், கையெழுத்துப் போட்டவருக்கு என்ன சிகிச்சை நடந்தது என்பதே தெரியாமல் போகிறது.

கவுன்டரில் எப்படிப் பேசுவது? எனக்குக் கோபம் வந்துவிடும்.

வேலையை விட்ட பிறகு எனக்கே இது நடந்தது. என் தாயாருக்கு வேறொரு மருந்தகத்தில் மெட்ஃபார்மின். டாக்டர் மூன்று வேளையை இரண்டு வேளையாகக் குறைத்திருந்தார். மூன்று மாதத்துக்கு 180 மாத்திரை பையில் இருந்தது. பில்லில் 270. ஒரு மாத்திரை 20 காசு, 90 மாத்திரைக்கு 18 வெள்ளி, வரியோடு 19 வெள்ளி 62 காசு. பெரிய தொகை இல்லை. ஆனால் ஆண்டுக்கு நான்கு முறை.

எனக்கு முதலில் வாயில் வந்தது “என்ன, ஏமாற்றப் பார்க்கிறீர்களா?” என்பதுதான். விழுங்கிக்கொண்டேன். ஏனென்றால் அந்த வாக்கியத்தைக் கேட்ட கவுன்டர்காரி என்ன செய்வாள் என்று எனக்குத் தெரியும். நானும் செய்திருக்கிறேன்: “மேனேஜர் இல்லை, நாளைக்கு வாருங்கள்” என்று சொல்லி அடுத்த எண்ணைக் கூப்பிடுவாள். அதனால் பில்லையும் பையையும் பக்கத்தில் வைத்து, விரலை அந்த வரியில் வைத்து, “இந்த வரியை மட்டும் ஒரு முறை பார்க்க முடியுமா?” என்றேன். மொத்தத்தைப் பற்றி ஒரு சொல் பேசவில்லை. அந்தப் பெண் பார்த்தாள், முகம் சிவந்தது, ஐந்து நிமிடத்தில் திருத்திய பில் வந்தது.

வரிசை நீண்டிருக்கும் காலை ஒன்பது மணிக்கும் திங்கட்கிழமையும் போகாதீர்கள். பிற்பகல் மூன்று மணி நல்ல நேரம். மாத்திரை அட்டைகளைப் பிரிக்காமல் கொண்டு போங்கள். தமிழ் பேசும் ஊழியர் இல்லையென்றால் பேரப்பிள்ளையை அழைத்துச் செல்வதில் வெட்கமில்லை.

“பார்த்துச் சொல்கிறோம்” என்றார்கள். பதிலே இல்லை.

அங்கிருந்து எல்லாம் எழுத்தில்தான் நடக்க வேண்டும். தொலைபேசியில் பேசியது காற்றோடு போய்விடும். மின்னஞ்சல் அனுப்புங்கள். ஆங்கிலத்தில் அனுப்புவது நடைமுறைக்கு நல்லது. பொருள் இவ்வளவு போதும்:

“இந்தத் தேதியில், இந்த பில் எண்ணில், மெட்ஃபார்மின் 270 மாத்திரை என்று இருக்கிறது. எனக்குக் கிடைத்தது 180. பில்லின் படமும் மருந்துப் பையின் படமும் இணைத்துள்ளேன். 90 மாத்திரைக்கான 18 வெள்ளியையும் அதற்குரிய வரியையும் திருப்பித் தரும்படி கேட்டுக்கொள்கிறேன். 14 நாளுக்குள் எழுத்து மூலம் பதில் தேவை.”

டாக்டர் எப்படி முறைத்தார், கவுன்டர்காரி எப்படிப் பேசினாள் என்பதை இதில் சேர்க்காதீர்கள். அது வேறு புகார். இரண்டையும் ஒரே கடிதத்தில் போட்டால் முறைத்ததற்கு மட்டும் மன்னிப்பு வரும், பணம் வராது.

சந்தேகம் சிகிச்சையைப் பற்றியது என்றால், அதாவது செய்யாத பரிசோதனையைச் செய்ததாகப் போட்டிருந்தால், தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் உங்களைப் பற்றி அவர்கள் வைத்திருக்கும் பதிவின் நகலைக் கேட்கலாம். அதற்கு ஒரு கட்டணம் வாங்கலாம். பெரும்பாலும் இந்தக் கோரிக்கை போய்ச் சேர்ந்த உடனேயே, அதுவரை ‘இல்லாத’ மேனேஜர் ஊருக்குத் திரும்பி வந்துவிடுவார்.

அதுவரை பில்லைக் கட்டாமல் இருக்கலாமா?

தகராறு இல்லாத பகுதியைக் கட்டிவிடுங்கள். 140 வெள்ளி பில்லில் 40 வெள்ளிதான் பிரச்சினை என்றால் 100 வெள்ளியைக் கட்டி, மீதியை ஏன் நிறுத்தி வைத்திருக்கிறீர்கள் என்று அன்றே எழுதிவிடுங்கள். எதையும் சொல்லாமல் இருந்துவிட்டால் கடன் வசூலிப்பவரிடமிருந்து கடிதம் வரும். அப்போது நீங்கள் விளக்கம் சொல்கிற இடத்துக்குத் தள்ளப்படுவீர்கள். ஏற்கெனவே கார்டில் கட்டி, ஒரே பில்லுக்கு இரு முறை பணம் போயிருந்தால் வங்கியிடமும் ஒரே நேரத்தில் சொல்லுங்கள்.

மருந்தகம் கைவிரித்துவிட்டது. அடுத்து எங்கே?

பிரச்சினை எதுவோ அதற்கேற்ற கதவைத் தட்ட வேண்டும். நம்மவர்கள் எல்லாவற்றுக்கும் ஒரே கடிதத்தை ஐந்து இடத்துக்கு நகல் போட்டு அனுப்புகிறார்கள். ஐந்து இடத்திலும் “மற்ற நால்வர் பார்க்கட்டும்” என்று வைத்துவிடுவார்கள்.

சாஸ் அல்லது மெடிசேவ் கோரிக்கையில் பொய் இருக்கிறது என்றால் சுகாதார அமைச்சு. இது பொதுப்பணம், அவர்கள் அக்கறையோடு பார்ப்பார்கள். உங்கள் டாக்டர் விலை அதிகம் என்பதற்கு அவர்களிடம் போவதில் பெரிய பயன் இல்லை.

சொன்னது ஒன்று, போட்டது ஒன்று என்றால் சிங்கப்பூர் பயனீட்டாளர் சங்கம். பயனீட்டாளர் பாதுகாப்பு நியாய வணிகச் சட்டத்தில், முன்பு கொடுத்த மதிப்பீட்டைவிடக் கணிசமாக அதிகம் வாங்குவது, நீங்கள் முன்கூட்டியே வெளிப்படையாக ஒப்புக்கொள்ளாத வரை, நியாயமற்ற செயல் என்றே இருக்கிறது. பல் சிகிச்சையில் இது அடிக்கடி கைகொடுக்கும். மதிப்பீட்டை எழுதி வாங்கியிருக்க வேண்டும், அதுதான் சங்கதி.

அதற்கும் மசியவில்லை என்றால் சிறு கோரிக்கைகள் நடுவர் மன்றம். 20,000 வெள்ளி வரை, இரு தரப்பும் சம்மதித்தால் 30,000 வரை. வழக்கறிஞர் கிடையாது, நீங்களே பேச வேண்டும், தமிழ் மொழிபெயர்ப்பாளர் கேட்கலாம். 5,000 வெள்ளிக்கு உட்பட்ட கோரிக்கைக்குப் பயனீட்டாளருக்கு மனுக் கட்டணம் 10 வெள்ளி. சம்பவம் நடந்த இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும். முதலில் சமரசப் பேச்சுதான் நடக்கும். பல வழக்குகள் அங்கேயே முடிந்துவிடுகின்றன.

சிங்கப்பூர் மருத்துவ மன்றத்தைப் பலர் முதலில் நினைக்கிறார்கள். அது டாக்டரின் நடத்தையை விசாரிக்கும் இடம். உங்கள் 19 வெள்ளியை வாங்கித் தராது. புகாரோடு சத்தியப் பிரமாணமும் தர வேண்டும். ஆனால் கட்டணமே நெறிமீறலாக ஆகலாம் என்பது உண்மை. வெளிநாட்டு நோயாளி ஒருவருக்கு ஏறக்குறைய 2 கோடியே 40 லட்சம் வெள்ளிக்கு பில் போட்ட அறுவை மருத்துவர் ஒருவரை மூன்று ஆண்டு இடைநீக்கம் செய்தது சரியே என்று 2013இல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நியாயமான கட்டணம் வாங்குவது மருத்துவரின் நெறிக் கடமை என்று அப்போது தெளிவாகச் சொல்லப்பட்டது. உட்லண்ட்ஸ் இருமல் மருந்துக்கு அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை.

நான் வேலை அனுமதி அட்டையில் கட்டுமானத் துறையில் இருக்கிறேன். மருந்தகத்தில் 60 வெள்ளி வாங்கினார்கள்.

தம்பி, முதலில் உங்கள் அட்டை எந்த மருத்துவ நிலையத்தோடு இணைந்தது என்று பாருங்கள். கட்டுமானம், கப்பல் பட்டறை, பதனீட்டுத் துறை ஊழியர்களுக்கும் தங்குவிடுதியில் இருப்பவர்களுக்கும் 2022 ஏப்ரலிலிருந்து அடிப்படைப் பராமரிப்புத் திட்டத்தை முதலாளி வாங்கியிருக்க வேண்டும். அந்த நிலையத்துக்குப் போனால் நீங்கள் கட்ட வேண்டியது 5 வெள்ளி, காணொளியில் டாக்டரைப் பார்த்தால் 2 வெள்ளி. வேறு மருந்தகத்துக்குப் போனால்தான் முழுக் கட்டணம். இணைந்த நிலையத்திலேயே 60 வாங்கியிருந்தால் அது தவறு. சீட்டை வைத்திருங்கள், மனிதவள அமைச்சிடமோ வெளிநாட்டு ஊழியர் நிலையத்திடமோ காட்டுங்கள்.

வேலையிடத்தில் அடிபட்டது என்றால் கதையே வேறு. வேலைக் காய இழப்பீட்டுச் சட்டப்படி, வரம்புக்கு உட்பட்டு, மருத்துவச் செலவு முதலாளியுடையது. “படிக்கட்டில் விழுந்தேன்” என்று சொல்லச் சொன்னால் சொல்லாதீர்கள். டாக்டரிடம் எங்கே, எப்படி அடிபட்டது என்பதை உள்ளபடி சொல்லுங்கள், அவர் எழுதுவது பிற்பாடு உங்களைக் காக்கும்.

அரசாங்க மருத்துவமனை பில்லில் மானியமே இல்லை. கணினிக் கோளாறா?

பெரும்பாலும் பரிந்துரைக் கடிதத்தின் கோளாறு. பொதுவாக, பலதுறை மருந்தகத்திலிருந்தோ (பாலிகிளினிக்), சாஸ் அட்டையோடு சாஸ் மருந்தகத்திலிருந்தோ மானியப் பிரிவுக்கு அனுப்பப்பட்டிருந்தால் சிறப்பு மருத்துவரிடம் மானியக் கட்டணம். “எனக்கு இந்த டாக்டர்தான் வேண்டும்” என்று பெயர் சொல்லிக் கேட்டிருந்தால் தனியார் நோயாளியாகப் பதிவாகியிருப்பீர்கள். அதை பில் அலுவலகத்தில் திருத்த முடியாது, அடுத்த சந்திப்புக்கு முன்பே மாற்றக் கேட்க வேண்டும். கட்ட வழியில்லை என்றால் மருத்துவச் சமூக ஊழியரைப் பாருங்கள்.

அம்மா இருபது ஆண்டாகப் போகும் டாக்டர். கேட்டால் உறவு கெட்டுவிடாதா?

இந்தக் கேள்விதான் எனக்கு அதிகம் வருகிறது, அதுவும் குரலைத் தாழ்த்தி. டாக்டருக்கு அந்த பில் தெரியவே தெரியாது. எங்கள் டாக்டர் ஒரு நாளும் பில் திரையைத் திறந்து நான் பார்த்ததில்லை. நோயாளிகள் பயந்துகொண்டு கேட்காமல், வேறு மருந்தகத்துக்கு மாறிவிடுவார்கள், டாக்டர், “அந்த அம்மாவை ஏன் காணோம்?” என்று என்னைக் கேட்பார். எனக்குக் காரணம் தெரியும், சொன்னதில்லை.

பழைய பில்களிலும் இதே தவறு இருக்கிறது. அவற்றையும் கேட்கலாமா?

கேட்கலாம். என் தாயாருடைய பழைய பைகளை மாத்திரை டப்பாவுக்குப் பின்னால் தேடினேன். இரண்டு கிடைத்தன. இரண்டுமே சரியான பில்.